உனக்காக இளைத்த உடம்பு

போனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல் "என்ன பாப்பா, இன்னிக்கு எத்தன?" என்று என் எடையைக் கேட்கும் என் ஆசை அண்ணனுக்கு,

இன்றைக்கும் அதே எடைதான் அண்ணே. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டாக்டரம்மா எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கேயே நிற்கிறேன். கேட்கத்தான் நீ இல்லை.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு மனசு ஆறாது. சம்பா அறுத்தாயிற்று. அண்ணி மெஷின் விட்டுத்தான் அறுத்தார்கள். வைக்கோல் எல்லாம் நசுங்கிப் போயிற்று, நீ பார்த்திருந்தால் மெஷின்காரனோடு மல்லுக்கு நின்றிருப்பாய். நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது. உன் பையன் லீவு போட்டுவிட்டு வந்து தார்ப்பாயோடு காவல் இருக்கிறான். நீ நடத்திக்கொண்டிருந்த நிலத்துக் கேஸ் மறுபடியும் வாய்தா. தாசில்தார் ஆபீஸில் ஒருவர், "என்னம்மா, வருசா வருசம் ஜமாபந்தியில மனு குடுப்பாரே, அவரு வரலியா?" என்று அண்ணியைக் கேட்டாராம். அண்ணி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

என்னையும் யாரும் சும்மா விடுவதில்லை. "என்ன சத்துணவு டீச்சர், பாதியாப் போயிட்டீங்க, சுகரா?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் இளைக்க வழி கேட்கிறார்கள். போன வாரம் வலங்கைமான் பஸ்ஸில் என்னோடு பத்தாவது படித்தவள் ஒருத்தி ஏறினாள். என்னை அடையாளம் கண்டுபிடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எப்புடிடி கொறச்ச? எனக்கும் சொல்லுடி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வேன்? அண்ணனுக்கு ஒரு கிட்னி கொடுப்பதற்காக இளைத்தேன், இளைத்து முடிப்பதற்குள் அண்ணன் போய்விட்டான் என்றா? "நடக்குறேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொன்ன அன்றைக்கு நாம் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணிக்குச் சர்க்கரை, அவர்கள் கொடுக்க முடியாது. பிள்ளைகள் பேச்சை எடுத்ததுமே நீ எழுந்து நின்றுவிட்டாய். "அதுங்க மேல கத்தி படக்கூடாது. நான் செத்தாலும் சரி" என்றாய். அப்புறம் யார் இருக்கிறார்கள், நான்தானே? என் ரத்தம் உனக்குச் சேர்ந்தது, மற்ற டெஸ்ட் எல்லாம் சேர்ந்தது. சந்தோஷத்தில் நான் அழுதுவிட்டேன். எல்லாக் காகிதத்தையும் பார்த்து முடித்த டாக்டரம்மா கடைசியில் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"கிட்னி நல்லா இருக்கும்மா. ஒடம்புதான் சரியில்ல. எண்பத்தெட்டு கிலோல உங்கள மேசையில படுக்க வைக்க மாட்டேன். சுகர் வேற எல்லையில நிக்குது. எழுபதுக்கு வாங்க, பாக்கலாம்."

நீ உடனே, "டாக்டரம்மா, நான் போயிட்டேன்னா வியாதின்னு எழுதுங்க. தங்கச்சி தின்ன சோறுன்னு எழுதிடாதீங்க" என்றாய். அவர் சிரிக்கவில்லை. நானும் நீயும் வராந்தாவில் வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எப்படிச் சிரித்தோம் அண்ணே? எந்தத் தைரியத்தில்?

நான் ஏன் இப்படிப் பெருத்தேன் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, புது ஆட்சி வந்த புதிது. ஊர் முகப்பில் கறுப்பு சிவப்புக் கொடி, நம் தெருமுனையில் செங்கொடி. அரை மரக்கால் நெல் கூலி கூடக் கேட்டு அப்பாவும் தெருவும் அறுப்புக்குப் போகாமல் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆளைப் போலீஸ் காவலோடு இறக்கி அறுத்துக்கொண்டு போனார். நம் வீட்டுப் பானை கவிழ்ந்தே கிடந்தது. வாய்க்காலில் நத்தை, வயலில் நண்டு, வேலியோரத்துக் கீரை, அவ்வளவுதான் சாப்பாடு. நீ நண்டு பிடித்து வந்து எனக்குக் கொடுத்துவிட்டு, நான் தின்னுட்டேன் என்று பொய் சொல்வாய் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. நீ அதை ஒத்துக்கொண்டதே இல்லை. "அம்மா கத கட்டுது. நல்ல நண்டெல்லாம் நான்தான் தின்னேன், ஒனக்கு வெறும் காலுதான்" என்பாய்.

எது நிஜமோ எனக்குத் தெரியாது. எனக்கு நினைவிருப்பது பசி மட்டும்தான். அந்தப் பசி போன பிறகும் என் கை அதை மறக்கவில்லை. கல்யாணம் ஆகி, சத்துணவு வேலை கிடைத்து, தினமும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தும்கூட, பானையில் ஒரு பிடி சோறு மிஞ்சினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "பசிக்காம ஏம்மா சாப்புடுறீங்க?" என்று டாக்டரம்மா ஒருநாள் கேட்டார். "பசிச்சிடக் கூடாதுன்னுதாங்க சாப்புடுறேன்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எழுபதுக்கு இறங்குகிறேன் என்று முதலில் நாம் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். அதை நினைக்காமல் எனக்கு ஒரு வேளைகூடக் கழிவதில்லை. டாக்டரம்மா எழுபது என்று சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சோற்றை விட்டுவிட்டேன். சத்தியமாக விட்டேன். காலையில் டிபன், ராத்திரியில் டிபன், மத்தியானம் ஒரே ஒரு கரண்டி சோறு, தாகத்துக்கு நீராகாரம். நீயும் போனில் "சோத்தையே தொடலியா? பெரிய ஆளுதான் பாப்பா நீ" என்று மெச்சினாய். என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சித்திரையில் ஆரம்பித்து ஆனி வரைக்கும் அப்படி இருந்துவிட்டு டாக்டரம்மாவிடம் போய் மெஷினில் ஏறினால், முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"என்ன சாப்புடுறீங்க?"

"ராத்திரியில சாப்பாடே கெடையாதுங்க. வெறும் டிபன்தான்."

"டிபன்னா?"

"இட்லி. ஒரு ஆறு, ஏழு. உப்புமான்னா ஒரு தட்டு. அப்பப்ப நீராகாரம்."

அந்த அம்மா வெளியூர்க்காரர். நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ சும்மா இருந்தாயா? "இட்லியில என்னாங்க இருக்கு, காத்து மாதிரி. அது சாப்பாட்டுல சேராதுங்களே" என்றாய். "அது எதுல செஞ்சது? அதுவும் அரிசிதானே? நீராகாரத்துல கெடக்குறது என்ன, சோறுதானே?" என்று அவர் சத்தம் போட்டார். நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விரதம் என்றால்கூட டிபன் சாப்பிடுகிற ஊர் நம் ஊர். இலையில் வெள்ளைச் சோறு விழுந்தால்தான் சாப்பிட்டதாக அர்த்தம். அது நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை, யாரும் இல்லை என்று மறுத்ததும் இல்லை. அந்தச் சித்திரையும் வைகாசியும் ஆனியும் இட்லியாகப் போயின. அந்த மாதங்கள் மட்டும் கையில் இருந்திருந்தால்?

அப்புறம்தான் உண்மையிலேயே இளைக்க ஆரம்பித்தேன். சோறும் இட்லியும் ஒன்றுதான் என்று கண்ணுக்குப் பழக்கினேன். தட்டில் பாதிக்குக் காய், மீதியில்தான் மற்றது. முதல் தடவை ஒரு பிடி சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தபோது, கொல்லைப்புறம் போய் அதைக் கோழிக்குப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று உன் மாப்பிள்ளை கேட்டார். கோழியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து அவரும் எனக்காகக் கரண்டியைக் குறைத்துக்கொண்டார். ஐப்பசிக்குள் எண்பதுக்கு வந்துவிட்டேன்.

அந்த வருஷப் பொங்கலுக்கு நீ சீர் கொண்டுவந்தாயே, அதைத் தெருவே இன்னும் பேசுகிறது. பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் வருகிறான் என்றால் புது அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து என்று தலைச்சுமையாக வரும். நீ கரும்பும் மஞ்சளும் ஒரு கையில், ஒரு அட்டைப்பெட்டி ஒரு கையில் என்று பஸ்ஸை விட்டு இறங்கினாய். முந்தின நாள்தான் தஞ்சாவூரில் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்திருந்தாய், ஊசி போட்ட கை வீங்கி இருந்தது. பெட்டியைப் பிரித்தால் எடை பார்க்கிற மெஷின். "அரிசி கொண்டாந்தா தின்னுடுவ. இதத் திங்க முடியாதுல்ல?" என்றாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அண்ணன் கொண்டுவருகிற அரிசியில்தான் தங்கச்சி வீட்டுப் பொங்கல் பொங்க வேண்டும். அதை நீயே நிறுத்தினாய் என்றால், உனக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு அப்புறம் உடம்பு பிடிவாதம் பிடித்தது. அதே சாப்பாடு, அதே காய், ஒரு கிலோகூட இறங்கவில்லை. உடம்பு இருப்பதைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது, அது எல்லோருக்கும் நடக்கும், நடக்க ஆரம்பியுங்கள் என்றார் டாக்டரம்மா. காலையில் வெட்டாற்றங்கரையில் நடந்தேன். வயலுக்குப் போகிற பெண்கள், "வேல வெட்டி இல்லாதவுங்கதான் இப்புடி நடப்பாங்க" என்று காதுபடவே சொன்னார்கள். சொல்லட்டும் என்று நடந்தேன். நீ போனில், "கரையில நடக்குறியே, நம்ம பக்கத்து மதகு ஒழுங்கா மூடுதான்னு பாத்துட்டு வா" என்பாய். நடக்க நடக்க உடம்பு மறுபடியும் இறங்கியது. சித்திரை முடியும்போது எழுபத்தைந்து.

அந்த வேகத்திலேயே போயிருக்க வேண்டும். ஆனால் ஆனியில் உன்னைப் பார்த்தேன். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது, நீ வயலுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து வாய்க்கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகமும் காலும் வீங்கி, உடம்பு ஒட்டி, குரல் மட்டும்தான் உன்னுடையதாக இருந்தது. "அவசரம் இல்ல பாப்பா, மெதுவா எறங்கு" என்றாய். அவசரம் இல்லையாம். வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டேன்.

பட்டினி கிடப்பது எனக்குப் புதிதா அண்ணே? மோரும் தண்ணீரும்தான். ஆடியில் எழுபதைத் தொட்டுவிட்டேன். மெஷினில் எழுபதைப் பார்த்த அன்று உனக்குப் போன் செய்து கத்தினேன், நீயும் கத்தினாய். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியோடு அப்படியே சாய்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. "யாரு உங்கள இப்படி செய்யச் சொன்னது? ரத்தம் இல்ல, சத்து இல்ல. எறங்கினா மட்டும் போதாதும்மா. எறங்கின எடத்துல நிக்கணும். இப்ப நான் கத்தி வெச்சா உங்களுக்குக் காயம் ஆறாது. திரும்ப சாப்பிடுங்க. எடை ஏறாம சாப்பிடுங்க. அப்படி நின்னு காட்டுங்க, அப்புறம் தேதி போடலாம்."

எதுவரைக்கும் நிற்க வேண்டும் என்று கேட்டேன். உடம்பு நம்புகிற வரைக்கும் என்றார்.

இளைப்பது சுலபம் அண்ணே. நிற்பதுதான் கொடுமை. இளைக்கிறபோது தினம் ஒரு வெற்றி இருக்கும், யாராவது பார்த்து ஆச்சரியப்படுவார்கள், நீ போனில் குதிப்பாய். நிற்கிறபோது ஒன்றுமே நடக்காது. நேற்று எவ்வளவோ இன்று அவ்வளவு, நாளைக்கும் அவ்வளவு. கூடச் சாப்பிட்டாலும் தப்பு, குறைத்துச் சாப்பிட்டாலும் தப்பு. கல்யாண வீட்டில் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்க வேண்டும். துக்க வீட்டில் வற்புறுத்துகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பசி எது, பயம் எது என்று நான் தெரிந்துகொண்டது அந்த மாதங்களில்தான். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சுகிற சோற்றைப் பார்த்து, இது எனக்கில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்து போகவும் ஒருவழியாகப் பழகிவிட்டேன்.

நின்று காட்டினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, எல்லாவற்றிலும் அதே எழுபது. உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற கமிட்டியில் கையெழுத்து ஆயிற்று. தை பிறந்ததும் ஆபரேஷன் என்று தேதி போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். நீ மட்டும், "தையிலயா? அறுப்பு நேரமாச்சே" என்று முணுமுணுத்தாய். கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் சளி என்று நினைத்தோம். நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்றார்கள். மறுநாள் மத்தியானம், மழை விட்டு வெயில் அடிக்கிற நேரத்தில், நீ போய்விட்டாய். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறேன், அண்ணி வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை நிமிர்ந்து பார்த்து, "இவ்ளோ எளச்சியேடி" என்றார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு உனக்குப் பிடித்ததெல்லாம் செய்து படைத்தார்கள். படைத்து முடித்ததும் அண்ணியே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, இலை நிறையச் சோற்றைப் போட்டு, நெய்யை ஊற்றினார்கள்.

"சாப்புடு செல்வி. இனிமே யாருக்காக வயித்தக் கட்டிக்கிட்டு இருக்கப் போற? போதும்."

நியாயமான கேள்விதான். நானும் கையை வைத்தேன். பழைய கணக்கில் தின்றுவிட வேண்டும், இலையை வழித்து எடுத்துவிட வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன பிரயோஜனம் அண்ணே இந்த உடம்பால்? யாருக்கு வேண்டும் இது? மிராசுதார் நெல்லைத் தராமல் ஒருகாலத்தில் என்னை இளைக்கவைத்தார், ஏன் என்றாவது தெரிந்தது. இதற்கு யார் மேல் போய் விழுவது? இட்லி மேலா? வழக்கமாகச் சாப்பிடுகிற அளவு உள்ளே போனதும் கை தானாக நின்றுவிட்டது. மேலே ஒரு பருக்கை இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லி அழுதார்கள்.

போன மாதம் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கால் போயிற்று, போனேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே இவ்வளவு கண்டிப்பா இருக்க வேணாம்மா. கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல. நீங்க மனசு தேறினா போதும்" என்றார். நல்ல மனுஷி. அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஸ்கேன் படத்தை விளக்குக்கு எதிரில் பிடித்து, எடுக்கப்போவது இடது பக்கத்துக் கிட்னியை என்று அவர்தான் என்னிடம் சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து அது என்னுடையது இல்லை. உன்னுடையது என்று நினைத்துத்தான் சாப்பிட்டேன், நடந்தேன், இடது பக்கமாகப் புரண்டு படுக்கக்கூட யோசித்தேன். நீ வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாய். அதற்காக அது என்னுடையது ஆகிவிடுமா? உன் பொருள் என்னிடம் இருக்கிறது அண்ணே. சர்க்கரையோ கொதிப்போ அண்டவிடாமல், இதே எழுபதில் நின்று, என் உயிர் இருக்கிற வரைக்கும் அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பேன். இது சத்தியம்.

சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் பிள்ளைகள் நாம். நானும் செத்து அதைக் கொண்டுவருகிறபோது வாங்கிக்கொள்ள நீ எங்காவது இருப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த பாப்பா